கிண்ணம் வரும்போது எழுந்து போகிறவனுக்கு

மகனே,

நலமா என்று கேட்டு ஆரம்பிக்க மாட்டேன். பக்கத்து அறையில்தான் இருக்கிறாய். குளித்துக்கொண்டே நீ பாடுவது சமையலறை வரைக்கும் கேட்கிறது. ஞானப்பாட்டுதான். இருந்தாலும் ஒரு மனுஷன் காலையிலேயே இவ்வளவு சந்தோஷமாகப் பாட வேண்டுமா, இதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று எனக்குள் ஒன்று கேட்கிறது. பார், வந்த உடனே ஆரம்பித்துவிட்டேன்.

வியாழக்கிழமை உனக்குக் கல்யாணம். அது முடிந்ததும் பிரிசில்லாவைக் கூட்டிக்கொண்டு ஆனேக்கல் வாடகை வீட்டுக்குப் போய்விடுவாய். அவள் நர்ஸாக இருக்கிற ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். இந்த லிங்கராஜபுரம் வீட்டில் நானும் உங்கப்பாவும் மட்டும் இருப்போம். நேரில் பேச உட்கார்ந்தால் நாலாவது வாக்கியத்தில் நான் கேள்வி கேட்க ஆரம்பித்துவிடுவேன், நீ மொபைலை எடுத்துவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். பெண்கள் சங்க மாத இதழில் இதைப் போடலாமா என்று உன்னிடம் கேட்டேன். பிள்ளைகளைப் பற்றி இதே கவலையோடு பக்கத்து பெஞ்சுகளில் உட்கார்ந்திருக்கிற அம்மாக்கள் நிறைய பேர் எனக்குத் தெரியும். "போடும்மா, பேரு மட்டும் போடாத" என்றாய். பிறகு நீயே சிரித்தாய். "நம்ம சபையில திராட்சரசம் பண்றது நீ ஒருத்திதான். பேரு வேற போடணுமா?"

என்னைப் பற்றி உனக்குத் தெரியும். படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். சர்க்கார் தொழிற்சாலையில் சோதனைப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். நல்லதாகத் தெரிகிற சாமானில் குறை எங்கே இருக்கிறது என்று தேடுவதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். குறை கிடைக்காத நாளில் வீட்டுக்குத் திரும்பும்போது என்னவோ ஏமாந்துவிட்ட மாதிரி இருக்கும். அந்தக் கண்ணைத் தொழிற்சாலை கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டு வந்திருக்கலாம். நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன்.

ஆனால் உன் விஷயத்தில் சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. அதைத் தொழில் புத்தி என்று மட்டும் தள்ளிவிடாதே. என் அக்காவைத் தங்கவயலில் கட்டிக்கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குச் சுரங்கத்தில் வேலை. குடிப்பார் என்று ஊரில் பேச்சு இருந்தது. அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து, வேதப் புத்தகத்தின் மேல் கை வைத்து, "என் புள்ள அதெல்லாம் உட்டு வருஷமாச்சு" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் சபையில் கல்யாண ஓலை வாசிக்கக் கொடுத்தோம். அத்தான் ஒவ்வொரு வருஷமும் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் குடியை விடுவார். அப்போது சபையே அவரை வாயாரப் புகழும். ஈஸ்டர் ஆராதனை முடிந்து செருப்பைப் போடும்போதே அவருக்குக் கை நடுங்க ஆரம்பிக்கும். அக்கா போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. அவளைப் பெட்டியில் வைத்திருந்தபோதும் அந்த மாமியார் என்னிடம், "நல்லவன்தாம்மா, சாத்தான்தான் உட மாட்டேங்குறான்" என்றார். எனக்கு அந்தக் குடிகாரனைவிட அவனுக்குச் சாட்சி சொன்ன அம்மாவின் மேல்தான் ஆத்திரம் ஆறவில்லை. வேலிக்கு ஓணான் சாட்சி. என்ன ஆனாலும் அந்த அம்மா மாதிரி மட்டும் ஆகிவிடக் கூடாது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். நீ அப்போது பிறக்கவே இல்லை.

அப்புறம் நீ பிறந்தாய், வளர்ந்தாய், படித்தாய், ஹெப்பால் பக்கம் பெரிய கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குப் போனாய். முதலில் வெள்ளிக்கிழமை பார்ட்டி என்றாய். பிறகு வியாழக்கிழமையே வெள்ளிக்கிழமை ஆனது. பிறகு கிழமை எதுவும் தேவைப்படவில்லை. உங்கப்பாவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கூட்டிவர வேண்டிய அன்று மத்தியானம் நீ ஆஸ்பத்திரிக்கு எப்படி வந்து நின்றாய் என்று நினைவிருக்கிறதா? உனக்கு இருக்காது. ஒரு கண்ணில் கட்டோடு இருந்த மனுஷன், உன்னோடு அவரை அனுப்ப மாட்டேன் என்ற நர்ஸிடம், "அவனுக்குக் காய்ச்சல்மா, அதான் தள்ளாடுறான்" என்று சொன்னார். உங்கப்பாவுக்கு இரண்டு கண் திறந்திருந்தாலும் ஒன்றுதான். அவர் எல்லோரையும் நம்புவார். வீட்டில் ஒருத்தர் இப்படி இருந்தால் இன்னொருத்தர் என்னைப் போல்தான் இருந்தாக வேண்டும்.

அதற்குப் பிறகு ஒரு புதன்கிழமை, உன்னோடு வேலை செய்கிற ஒரு பையன் உன்னை ஜீவனஹள்ளியில் பஞ்சர் கடைக்கு மேலே நடக்கிற ஜெபக்கூட்டத்துக்கு அழைத்துப் போனான். திரும்பி வந்து, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்தில் வந்து நின்று, "விட்டுட்டேன்மா" என்றாய். "யார?" என்று கேட்டேன். நீ உள்ளே போனாய். உங்கப்பா அழுதார், முழங்கால் போட்டார், பிறகு போய் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு வந்தார். நான் கீரையை ஆய்ந்து முடித்தேன். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். விடியட்டும் பார்க்கலாம் என்று இருந்தேன். விடிந்தது. நீ குடிக்கவில்லை. மறுநாளும் விடிந்தது. எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்ற தேடல்தான் வந்தது.

என்ன செய்தேன் என்று உனக்குக் கொஞ்சம் தெரியும், முழுவதும் தெரியாது. உன் ஹெல்மெட்டுக்குள் மூக்கை விட்டுப் பார்த்தேன். கைக்குட்டையைத் துவைக்கும் முன் மோந்தேன். பையில் ஹால்ஸ் மிட்டாய் கண்டால் எதை மறைக்க இது என்று நினைத்தேன். இல்லாவிட்டால், மறைப்பதில் தேர்ந்துவிட்டான் என்று நினைத்தேன். பரண், பீரோ, பாத்ரூம் தொட்டிக்குப் பின்னால், பழைய கம்ப்யூட்டர் பெட்டிக்குள் எல்லாம் பாட்டிலைத் தேடினேன். பிறகு, உன் சின்ன வயதோடு நிறுத்திய பழக்கம் ஒன்றை மறுபடி ஆரம்பித்தேன். நீ வேலையிலிருந்து வந்ததும் கன்னத்தில் முத்தம் கொடுத்தேன். முதல் வாரம் நீ வெட்கப்பட்டாய், உள்ளுக்குள் உனக்குச் சந்தோஷம் என்று எனக்கே தெரிந்தது. எதற்காக என்று எந்த நாளில் புரிந்துகொண்டாயோ தெரியாது. ஒருநாள் குனிந்து, என் முகத்துக்கு நேராக வாயைத் திறந்து ஊதினாய். "போதுமாம்மா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனாய். நான் சிரித்து மழுப்பினேன். நீ சிரிக்கவில்லை. மறுநாளும் குனிந்து ஊதினாய். அதற்கு அடுத்த நாளும். நான் கேட்காமலே கொடுத்தாய், நானும் வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

ஒரு புதன்கிழமை ஆட்டோ பிடித்து உன் பின்னாலேயே ஜீவனஹள்ளிக்கு வந்தேன். எதிர்ப்பக்கத்து பேக்கரியில் ஒரு பன்னை வாங்கி வைத்துக்கொண்டு நின்றேன். கூட்டம் முடிந்து நீ இறங்கி வந்தாய். முனையில் இருக்கிற பார் வரைக்கும் நடந்தாய். நின்றாய். என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மாட்டினான் என்றுதான் அடித்துக்கொண்டது. ஐயோ என்று அடித்துக்கொள்ளவில்லை. அதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். நீ திரும்பினாய், ரோட்டைக் கடந்தாய், பஸ் ஸ்டாப்புக்கு நேர்வழி இருக்கும்போது குறுக்குச் சந்துகளில் புகுந்து சுற்றிக்கொண்டு போனாய். என்னைப் பார்த்துவிட்டான், அதனால்தான் நாடகம் போடுகிறான் என்று முடிவுகட்டி, பாதி பன்னோடு வீட்டுக்கு வந்தேன். கையும் களவுமாகப் பிடிக்க முடியவில்லையே என்று அன்று சாயங்காலம் முழுவதும் எனக்கு எல்லாமே பேஜாராக இருந்தது.

இதற்கெல்லாம் மேலே எனக்கு ஒரு பலமான ஆதாரம் கிடைத்தது. மாதத்தின் முதல் ஞாயிறு நம் சபையில் திருவிருந்து, முன்னால் போய் முட்டி போட்டு அப்பமும் திராட்சரசமும் வாங்குவது. நம் ஜனங்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? கண்ணை மூடி ஜெபித்தாலும் யார் எழுந்து போகிறார்கள், யார் போகவில்லை என்று எல்லோருக்கும் தெரியும். அபாத்திரமாய், தகுதியில்லாமல், பந்தியில் சேரக் கூடாது என்று சின்ன வயதிலிருந்தே சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அதனால் ஒருத்தர் போகவில்லை என்றால் அவர் வீட்டில் என்னவோ இருக்கிறது என்று அர்த்தம். நீ குடித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மாதம்கூடத் தவறாமல் போனாய். குடியை விட்டதாகச் சொன்ன மாதத்திலிருந்து, முதல் வரிசை எழுந்ததுமே பக்கவாட்டுக் கதவு வழியாக வெளியே போக ஆரம்பித்தாய். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம். என்னை ஏமாற்றலாம், ஆண்டவரை ஏமாற்றப் பயப்படுகிறான் என்று புரிந்துகொண்டேன். எனக்கு இதில் சந்தேகமே இருக்கவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் பைக்கின் மேல் உட்கார்ந்து உனக்காக நீயே வாய்க்குள் ஜெபிப்பதை ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாவ அறிக்கை செய்கிறான் என்றுதான் அதையும் எழுதிக்கொண்டேன், மனதில்தான்.

இப்போது அந்தத் திராட்சரசத்தைப் பற்றி. பல வருஷமாக அதைச் செய்வது என் ஊழியம். ரசல் மார்க்கெட்டில் கறுப்புத் திராட்சையாகப் பார்த்து வாங்கி, ஒவ்வொரு பழமாகத் துடைத்து, பீங்கான் ஜாடியில் போட்டு, சர்க்கரையும் ஈஸ்ட்டும் ஒரு கைப்பிடி கோதுமையும் சேர்த்து, வாயை மல் துணியால் கட்டி, ஸ்டோர் ரூமில் இருட்டில் வைப்பேன். தினமும் திறந்து மரக்கரண்டியால் கிளறுவேன். மூன்று போதகர்கள் மாறிவிட்டார்கள், ஜாடி மாறவில்லை. இவ்வளவு நன்றாக வேறு எந்தச் சபையிலும் இல்லை என்று பிஷப்பே ஒருமுறை சொன்னார். அதை யாரிடமெல்லாம் சொன்னேன் என்று எனக்கே கணக்கில்லை. நீ குடியை விட்ட புதிதில், ஜாடியை இறக்கி வடிகட்டக் கூப்பிட்டேன். உன் முகம் சிவந்தது. "எனக்கு வேலை இருக்குதும்மா" என்று செருப்புகூட மாட்டாமல் வெளியே போனாய். ஆண்டவருடைய வேலை என்றால் இவனுக்கு நக்ரா, பிகு பண்ணுகிறான் என்று அப்பாவிடம் கத்தினேன்.

உன் முதல் ஓலையைப் போன மாதம் ஒரு ஞாயிறு வாசித்தார்கள். அடுத்த ஞாயிறு இரண்டாம் ஓலையும் வாசித்தார்கள். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் விவாகம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் இருந்தால் தெரிவிக்க வேண்டும் என்று போதகர் சொல்லும்போதெல்லாம் என் அக்காவின் ஞாபகம் வந்தது. அவளுடைய ஓலை வாசிக்கப்பட்டபோது எழுந்து நிற்க ஒருவரும் இல்லை. பிரிசில்லாவைப் பார்த்தால் பாவமாக இருந்தது. என் வாய் மூடியிருந்தால் நானும் அந்த மாமியாரும் ஒன்றுதானே? மூன்றாம் ஓலைக்கு முன் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். அவள் கேட்காவிட்டால் சபையில் எழுந்து நின்றே சொல்லிவிடுவது என்றும் தீர்மானித்து, உங்கப்பாவிடமும் சொன்னேன். ஆமாம், பெற்ற தாயே மகன் கல்யாணத்துக்குத் தடை சொல்வது. ஊர் என்ன வேண்டுமானாலும் பேசட்டும் என்று துணிந்துவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அவள் வீட்டுக்குப் போனேன். அவளுக்கு அன்று லீவு. மொட்டை மாடியில் யூனிஃபார்ம் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அங்கேயே போய் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னேன். "என் புள்ள குடிகாரன்மா. உட்டுட்டேன்னு சொல்றான். நான் நம்பல. நீயும் நம்பாத."

அவள் கிளிப்பைக் கொடியில் மாட்டிவிட்டுத் திரும்பினாள். "தெரியும் ஆன்ட்டி. என்னைப் பாக்க வந்த அன்னிக்கே, காபி வர்றதுக்கு முன்னாடியே சொல்லிட்டாரு. அவங்க அப்பா ஆபரேஷன் அன்னிக்கு நடந்தது வரைக்கும்."

"இப்பவும் குடிக்கிறான்மா. இல்லன்னா ஏன் திருவிருந்து எடுக்க மாட்டேங்குறான்?"

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "உங்களுக்கு நெஜமாவே தெரியாதா ஆன்ட்டி? அந்தக் கிண்ணத்துல இருக்கறது ஒயின். அங்க முட்டி போட்டா நேரா மூக்குக் கீழ வருது. அதுக்குத்தான் பயந்து ஓடறாரு."

"அது திராட்சரசம்மா" என்றேன்.

"ஆமா ஆன்ட்டி" என்றாள், வார்டில் வயசான பேஷன்டிடம் பேசுகிற பொறுமையோடு. "பதினஞ்சு இருபது நாள் புளிச்ச திராட்சரசம். நான் ஒரு தடவ உங்க சபையில எடுத்தப்ப எனக்கே காது சூடாயிடுச்சு."

மகனே, உன் அம்மா முட்டாள் இல்லை. ஈஸ்ட் போட்டால் என்ன ஆகும் என்று படித்தவள். ஆனாலும் அந்த ஜாடியை நான் ஒருநாளும் அந்தக் கணக்கில் சேர்த்ததில்லை. சாராயம் என்றால் பாட்டிலில் வருவது, கடையில் விற்பது, ஆம்பிளைகள் குடிப்பது. நான் ஜெபம் பண்ணி மூடி வைப்பது எப்படி அதுவாகும்? பரணையும் பாத்ரூமையும் தலைகீழாகப் புரட்டி இந்த வீட்டில் குடி எங்கே ஒளிந்திருக்கிறது என்று தேடியவள் நான். வீட்டில் இருந்த ஒரே குடி என்னுடையது. தினமும் காலையில் அதைத் திறந்து, கிளறி, வாசனையை உன் அறை வரைக்கும் அனுப்பிக்கொண்டிருந்ததும் நான்தான்.

"ஏன் எங்கிட்ட சொல்லல அவன்?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"நானும் கேட்டேன் ஆன்ட்டி. 'அது எங்கம்மா ஊழியம். சொன்னா அன்னிக்கே நிறுத்திடுவாங்க. என்னால அவங்க ஏன் நிறுத்தணும், நான்தான ஓடணும்' அப்டின்னாரு."

நான் அந்த மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இத்தனைக்குப் பிறகும் என் புத்தி எப்படி வேலை செய்தது தெரியுமா? இவனே சொல்லிக்கொடுத்து இவளைப் பேச வைக்கிறானோ என்று ஒரு நொடி ஓடியது. அதோடு நிற்காமல், கிளம்பும்போது அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆனேக்கல் போனப்பறம் ஏதாச்சும் ஒண்ணுன்னா எனக்கு ஒரு ஃபோன் போட்டுடு கண்ணு, அவனுக்குத் தெரிய வேணாம்" என்றேன். அவள் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ஆனால் சொன்னாள்: "மாட்டேன் ஆன்ட்டி. அவரப் பத்தி அவருதான் உங்களுக்குச் சொல்லணும். நான் சொன்னா அப்பறம் எங்க வீட்டுலயும் அவருக்கு ஒரு போலீஸ் இருக்கும்." நல்ல பெண்ணைத்தான் பிடித்திருக்கிறாய். கொஞ்சம் வாய் அதிகம். இருக்கட்டும், உனக்கு அது வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது யோசித்தேன். உன் பழக்கத்துக்கும் என் பழக்கத்துக்கும் என்ன வித்தியாசம்? நானும் ஒளித்துத்தான் செய்தேன். இன்றோடு சரி, இனிமேல் அவன் ஹெல்மெட்டைத் தொட மாட்டேன் என்று எத்தனையோ முறை ஜெபத்தில் சொல்லியிருக்கிறேன். சாயங்காலம் பைக் சத்தம் கேட்டதும் கால் தானாக வாசலுக்குப் போகும். ஒன்றும் கிடைக்காவிட்டால் ஏக்கம், கிடைத்துவிடும் போல் இருந்தால் ஒரு கிளுகிளுப்பு. உனக்கு விழுந்து எழ ஒரு ஜெபக்கூட்டம் இருந்தது. எனக்கு என் நோய் ஒரு புண்ணியமாகவே தெரிந்தது. அதைத் தாய்ப்பாசம் என்று சபையில் எல்லோரும் மெச்சிக்கொண்டார்கள். குடிகாரனுக்குக்கூட அந்த வசதி கிடையாது.

இச்சையைப் பற்றி நான் உனக்கு உபதேசம் பண்ண நினைத்து வைத்திருந்ததெல்லாம் நீ எனக்குச் செய்து காட்டிவிட்டாய். இருந்தாலும் ஒன்று சொல்கிறேன், அம்மா என்று இருந்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அனுப்ப முடியாது. "ஒரே ஜெபத்தில் ஆசையே போய்விட்டது" என்று மைக் பிடித்துச் சாட்சி சொல்கிறவர்களை நான் இன்றும் நம்புவதில்லை, நீயும் அப்படிச் சொல்லிவிடாதே. சொன்னால் அதைக் காப்பாற்றப் பொய் சொல்ல வேண்டி வரும். வேதத்தில் ஒரு வாலிபன், அடிமையாக விற்கப்பட்டுப் போன நாட்டில் எஜமானின் மனைவி அங்கியைப் பிடித்து இழுத்தபோது, நின்று வசனம் பேசவில்லை. அங்கியை அவள் கையிலேயே விட்டுவிட்டு ஓடினான். ஓடினவனைத்தான் பார்த்தவர்கள் குற்றவாளி என்றார்கள். ஆசையை எடுத்துப் போடும்படி நான் உனக்காக ஜெபித்துக்கொண்டிருந்தேன். ஆண்டவர் உனக்குக் காலைக் கொடுத்திருக்கிறார். பாரைக் கண்டு சந்து சந்தாக ஓடினாய், என் ஜாடியைக் கண்டு செருப்பில்லாமல் ஓடினாய், சபை முழுக்கப் பார்க்க ஆல்டரைக் கண்டே ஓடினாய். உன்னைப் பற்றி எல்லோரும், பெற்றவள் உட்பட, என்ன நினைத்தாலும் பரவாயில்லை என்று ஓடினாய். இதைவிடப் பெரிய விசுவாசத்தை நான் நம் சபையில் பார்த்ததில்லை. பார்த்தபோதும் எனக்கு அடையாளம் தெரியவில்லை. ஆனேக்கலிலும் ஓடு. அங்கே புது ஆபீஸ் நண்பர்கள் வருவார்கள், வீடு பால் காய்ச்சினதுக்குப் பார்ட்டி கேட்பார்கள். பெரிய மனுஷத்தனமாக உட்கார்ந்து ஜூஸ் குடித்துக் காட்ட வேண்டாம். எழுந்து வந்துவிடு.

அன்று சாயங்காலமே போதகரைப் பார்த்து, இனிமேல் புளிக்க வைக்காமல் காய்ச்சின ரசம்தான் தருவேன் என்றேன். ஏன் என்று கேட்டார். "என் வீட்டுல ஒருத்தனுக்கு ஆகாது" என்றேன். அவர் மேற்கொண்டு கேட்கவில்லை, நல்ல மனுஷன். கமிட்டியில் ஒருத்தர் மட்டும், "சிஸ்டர், இவ்ளோ வருஷம் யாருக்கும் ஒண்ணும் ஆகல, இப்ப என்ன புதுசா?" என்றார். ஒண்ணும் ஆகல என்று யார் போய்ப் பார்த்தார்கள் என்று கேட்டேன். ஜாடியில் இருந்ததைச் சாக்கடையில் ஊற்றினேன். பக்கத்து வீட்டுக் கன்னடக்காரம்மா எட்டிப் பார்த்து, "ஏன் வாசனேம்மா இது!", என்ன வாடை இது என்று கேட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். அவருக்கு அது என்ன வாசனை என்று ஒரு நொடியில் தெரிந்துவிட்டது. சனிக்கிழமை நீ சூட் தைக்கக் கொடுத்ததை வாங்கப் போயிருந்தபோது புதுத் திராட்சையை வேக வைத்து, வடிகட்டி, ஆற வைத்துக் கொடுத்து அனுப்பினேன். உன்னிடம் இதில் எதையும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

போன ஞாயிறு நடந்தது உனக்குத் தெரியும், நீயும் பக்கத்தில்தான் இருந்தாய். ஆனால் என் பக்கத்திலிருந்து பார்த்தால் அது வேறு மாதிரி இருந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, மூன்றாம் ஓலை. போதகர் உன் பேரையும் அவள் பேரையும் வாசித்து, தடை உண்டா என்று கேட்டு நிறுத்தினார். உங்கப்பா என் கையை இறுக்கிப் பிடித்தார். இந்த வயதில் என்ன பாசம் என்று முதலில் நினைத்தேன். விரல் வலித்தபோதுதான் புரிந்தது, நான் எழுந்துவிடாமல் இருக்கப் பிடிக்கிறார். எல்லோரையும் நம்புகிற மனுஷன், என்னை மட்டும் நம்பவில்லை. நான் எழவில்லை. நாக்கைக் கடித்துக்கொண்டு, ஆண்டவரே இந்த ஒரு நிமிஷம் மட்டும் என்று கேட்டேன். போதகர் அடுத்த அறிவிப்புக்குப் போனார்.

பிறகு திருவிருந்து. முதல் வரிசை எழுந்தது. நீ வழக்கம் போலப் பக்கவாட்டுக் கதவைப் பார்த்து நகர்ந்தாய். நான் உன் சட்டைக் கையைப் பிடித்தேன். "இரு. இன்னிக்கு ஒயின் இல்ல. புளிக்க வெக்கல. நேத்து காய்ச்சினது. வெறும் ஜூஸ்."

நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "நெஜமாவாம்மா?"

என் உடம்பெல்லாம் எரிந்தது. நான் போய் உன்னிடம் பொய் சொல்வேனா, என்னைப் பார்த்து இப்படி ஒரு கேள்வியா என்று வந்தது. இவ்வளவு நாள் நீ தினமும் வாசலில் குனிந்து நின்றபோது இதுதானே உனக்கும் வந்திருக்கும்? தலையை மட்டும் ஆட்டினேன்.

நான் தப்பாகச் சொல்லியிருந்தால் உனக்கு எல்லாம் போய்விடும். வேலை, பிரிசில்லா, வியாழக்கிழமை, எல்லாம். சரிதானா என்று ருசி பார்த்துத் தெரிந்துகொள்ளவும் உன்னால் முடியாது. மோந்து பார்க்கவும் முடியாது. உன்னிடம் இருந்தது என் தலையசைப்பு ஒன்றுதான், அதுவும் உன்னை ஒருநாளும் நம்பாதவளின் தலையசைப்பு. நீ என் கையைச் சட்டையிலிருந்து மெதுவாக எடுத்துவிட்டு, எழுந்து, முன்னால் நடந்து போய் முட்டி போட்டாய். கிண்ணம் வந்தது. நீ கண்ணை மூடிக்கொண்டு குடித்தாய்.

நான் ஏன் உன் பின்னால் வரவில்லை என்று கேட்டாய். அங்கே முட்டி போட அன்று எனக்குத் தகுதி இல்லை, அதனால்தான். உன்னை ஒரு தடவையாவது அப்படி, வெறும் வார்த்தைக்காக, நான் நம்பியிருக்கிறேனா என்று பெஞ்சில் உட்கார்ந்து தேடிப் பார்த்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை.

அடுத்த மாதம் முதல் ஞாயிறு நீ ஆனேக்கலில் வேறு சபையில் இருப்பாய். அங்கே கிண்ணத்தில் என்ன ஊற்றுகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, வந்து பார்க்கவும் மாட்டேன். சாயங்காலம் ஃபோன் பண்ணு. நல்லா இருக்கேன்மா என்று நீ சொன்னால், சரிப்பா என்று சொல்லிவிட்டு ஃபோனை வைக்கப் போகிறேன்.

அம்மா